கடைசிக் கால் மணி நேரம்

பாயான் பாரு, பினாங்கு
4 மார்ச் 2024

சிவநேசனுக்கு,

அக்கா குமுதா எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறாதே. எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் எண்ணை வாட்சாப்பில் தடுத்து வைத்திருக்கிறேன் அல்லவா, அதைத் திறக்கிற எண்ணம் எனக்கு இல்லை. திறந்தால் நீ குரல் செய்தி அனுப்புவாய், நடுவில் அழுவாய். தாளில் அழுதால் எனக்குக் கேட்காது.

உன் படத்தைப் பார்த்தேன். பார்க்க மாட்டேன் என்று போன வருஷம் கத்தியவள் நான்தான். காணாமல் போன என் வீட்டுக்காரரை வைத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு தம்பி மர்மப் படம் எடுக்கிறான் என்று பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டவள் வேறென்ன செய்வாள்? ஆனாலும் போனேன். தனியாகப் போகத் தைரியம் இல்லாமல், என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிற ரோஹானாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. கீழே ஓடுகிற மலாய் எழுத்தைப் படித்துக்கொண்டாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. போலீஸ் நிலையத்தில் அவன் பெண்டாட்டியைப் பார்த்து முதல் கேள்வியே "சண்டை போட்டீங்களா?" என்பதுதான். அந்தப் பெண் மூன்றாம் நாளும் அவனுக்குச் சேர்த்துச் சோறு வடிக்கிறாள். அந்த இடத்தில் ரோஹானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைப் பார்ப்பதுபோல் சோளப்பொரி தின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் அந்தக் கடைசிக் கால் மணி நேரம். அட கஷ்டமே! புருஷனுக்கு இரட்டைப் பிறவி அண்ணன் ஒருவன் இருந்தானாம். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஆள் மாறிப்போய் இவனைக் கொன்று, பூப்பந்து மைதானத்துக்கு அடியில் புதைத்துவிட்டாராம். எனக்குப் பின்னால் இருந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். விளக்குப் போட்டதும் ஒருவர், "என்னலா இது, இவ்வளவு நேரம் இழுத்து இதுக்குத்தானா?" என்று எழுந்து போனார். ரோஹானா என்னைப் பார்த்து, முடிந்துவிட்டதா என்று கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே சந்தேகம்.

இருபத்தாறு வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, இது பாஸ், இது ரிஜெக்ட் என்று பிரிக்கிறவள் நான். ஒருமுறை பழுதாகி, பிரித்து மறுபடி பற்றவைத்த மின்சுற்றுப் பலகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் படத்தில் அந்த ஒட்டு தெரிகிறது. அந்த நடிகைக்குக் கடைசியில் புருவம் வேறு. கழுத்தில் மஞ்சள் கயிறு போய்த் தங்கச் சங்கிலி வந்துவிட்டது. சமையல்கட்டு ஜன்னல் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. அந்த முடிவை அப்புறமாக எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். முதலில் வேறொரு முடிவு இருந்திருக்கிறது.

அது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும். நீ எதையும் சொந்தமாகக் கற்பனை பண்ணுகிறவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னால்கூடப் பக்கத்து வீட்டில் நடந்ததைத்தான் எழுதுவாய். ஆகவே அந்த முதல் முடிவும் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஜூன் ஒன்பதாம் தேதி என் பிள்ளை மோகனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மயூரன், கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறார், சிலோன்காரர்கள், தன்மையான குடும்பம். கடைத்தெரு அச்சகத்தில் இப்ராஹிம் பாய் அழைப்பிதழுக்கு மாதிரி அடித்துக் கொடுத்திருக்கிறார். பெண்ணின் தகப்பன் பேருக்கு முன்னால் ஒரு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, "என்ன போடணும்னு சொல்லுங்கம்மா" என்கிறார். 'திரு' என்று போடுவதா, 'காலஞ்சென்ற' என்று போடுவதா? கோயிலில் கேட்டால், ஏழு வருஷம் ஆகப்போகிறது, பங்குனி அமாவாசையில் கருமாதியை முடித்து, தாலியைக் கழற்றிவிட்டுக் கல்யாண வேலையைத் தொடங்குங்கள் என்கிறார்கள். அமாவாசை ஏப்ரல் எட்டு. உனக்கு ஏதாவது தெரிந்தால் அதற்குள் எழுது. தெரியாது என்றால் தெரியாது என்று எழுது.

அக்கா

செந்தூல், கோலாலம்பூர்
11 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

எட்டு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். உறையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் வைத்திருந்தேன். நீ திட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

மோகனாவுக்குக் கல்யாணமா! நான் தோளில் தூக்கிக்கொண்டு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறிய பிள்ளை. தாய்மாமன் சீர் என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல். உன்னைக் கேட்காமல் படம் எடுத்தது தப்புதான். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை, அது இன்னும் பெரிய தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

முடிவைப் பற்றி நீ எழுதியது எல்லாம் சரி. உன் கண்ணுக்கு எது தப்பும்? அது ஆறு மாதம் கழித்து எடுத்ததுதான். தயாரிப்பாளர் பக்கிரிசாமி அண்ணன் முதல் பிரதியை இருபது பேருக்குப் போட்டுக் காட்டினார். அவர்களுக்குப் பிடிக்கவில்லை. மர்மப் படம் என்றால் ஒரு அதிர்ச்சி வேண்டும், ஒரு குற்றவாளி வேண்டும், மக்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு திருப்பம் வேண்டும் என்றார். இரட்டைப் பிறவி அவருடைய யோசனை. எனக்கே அந்தக் காட்சியைப் பார்க்கக் கூசுகிறது. இணையத்தில் கிழி கிழி என்று கிழிக்கிறார்கள். ஒருத்தன் "பூப்பந்து மைதானத்தையே கதாநாயகனா போட்டிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறான். நான்கூடச் சிரித்துவிட்டேன்.

முதல் முடிவு ஒன்றும் பெரிதில்லை, அக்கா. சப்பென்று இருந்தது. அதைச் சொல்லி உன் நேரத்தை ஏன் வீணாக்க வேண்டும்? சினிமா வேறு, வாழ்க்கை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அழைப்பிதழில் முன்னால் எதையும் போடாமல் வெறும் பேரை மட்டும் போட்டுவிடலாமே. இப்போது நிறையப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். கருமாதியையும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாண வருஷத்தில் எதற்கு அதெல்லாம்? உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
சிவா

பாயான் பாரு
16 மார்ச் 2024

சிவா,

நீ பொய் சொல்லும்போது நிறைய எழுதுவாய். உண்மையென்றால் இரண்டு வரியில் முடிந்துவிடும். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய்.

இந்த ஏழு வருஷத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கருமாதியைச் செய்யச் சொல்லித்தான் புத்தி சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நீ. ஏன்?

உன் படத்துக்கு ஒரு முன்னோட்டம் விட்டீர்களே, அதை நேற்று வேலை முடிந்து வந்து கைப்பேசியில் பார்த்தேன். நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அதில் அந்தப் பெண் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு டயர் ஒட்டுகிற கடை வாசலில் நிற்கிறாள். உள்ளே ஒரு ஆள் குனிந்திருக்கிறான், முகம் தெரியவில்லை. படத்தில் அந்த இடம் வரவே இல்லை. படத்தில் டயர் கடையே கிடையாது. வெட்டியதை முன்னோட்டத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டீர்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? எட்டாம் தேதி நான் பிண்டம் வைக்கப் போகிறேன். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு என்னைப் பிண்டம் வைக்க விட்டுவிட்டு நீ சும்மா இருப்பாயா? இருப்பாய் என்றால் எழுத வேண்டாம். கல்யாணத்துக்கும் வர வேண்டாம்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பதில் மட்டும் வேண்டும்.

குமுதா

செந்தூல்
26 மார்ச் 2024

அக்கா,

இருக்கிறார்.

சித்தியவானில் இருக்கிறார். பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம், மோட்டார் சைக்கிள் டயர் ஒட்டுகிற கடை. பலகை எதுவும் இல்லை. கடைக்காரச் சீனர் வயதாகிவிட்டதால் இவரிடம் விட்டுவிட்டார். பின்னால் ஒரு அறை, அதில் தங்கியிருக்கிறார். வேறு பெண் இல்லை, பிள்ளை இல்லை. நீ முதலில் அதைத்தான் நினைப்பாய் என்று தெரிந்து எழுதுகிறேன்.

2021 கடைசியில், ஊரடங்கு முடிந்த பிறகு, ஒரு நாடகத்துக்கு இடம் பார்க்கப் போனேன். அங்கே வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளின் டயர் பஞ்சர். தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினால் நிமிர்ந்து பார்த்தவர் அத்தான். ஓடவில்லை, ஒளியவில்லை. "சிவாவா? உக்காரு" என்றார். டயரை ஒட்டி முடித்த பிறகுதான் பேசினார்.

நான் கத்தினேன், அக்கா. சட்டையைப் பிடித்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள், அக்கா என்ன குறை வைத்தாள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடா மச்சான். பெட்ரோல் போட்டேன். வீட்டுப் பக்கம் திருப்பலை. அவ்வளவுதான்" என்றார். கடன் இல்லை, நோய் இல்லை, யார் மேலும் கோபம் இல்லை. இரண்டு மணி நேரம் கேட்டும் அதையேதான் சொன்னார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா அக்கா வந்து கூப்பிடும். கூப்பிட்டா நான் வந்துருவேன். வந்தா மறுபடியும் போயிருவேன். எதுக்குடா?" என்றார்.

அவர் கேட்டுக்கொண்டதால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. பேருந்தில் திரும்பி வரும்போதே கைப்பேசியில் காட்சி காட்சியாக எழுத ஆரம்பித்துவிட்டேன். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போயிருப்பாய், அவர் வந்திருப்பார், அது வேறு ஏதோ ஆகியிருக்கும். எனக்குக் கதை வேண்டியிருந்தது. இரண்டு பொங்கலுக்கு உன் வீட்டில் சாப்பிட்டேன், நீ சாமிப் படத்துக்கு முன்னால் அவருக்காக விளக்கேற்றுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

முதல் முடிவு அதுதான். அவள் தேடிக்கொண்டு போகிறாள், அவன் டயர் ஒட்டிக்கொண்டிருக்கிறான், ஏன் என்று கேட்கிறாள், தெரியவில்லை என்கிறான். பக்கிரிசாமி அண்ணன் பார்த்துவிட்டு, "காரணமே இல்லாம எவனாச்சும் போவானா? ஜனங்க நாற்காலியைத் தூக்கி அடிப்பாங்க தம்பி" என்றார். அதனால் அத்தானைக் கொன்று புதைத்தேன். அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பிண்டம் வைக்காதே, அக்கா. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

சிவநேசன்

பாயான் பாரு
9 ஏப்ரல் 2024

சிவா,

சனிக்கிழமை சித்தியவான் போய் வந்தேன். ரோஹானா தன் காரில் கூட்டிக்கொண்டு போனாள். நோன்பு மாதம், வாயில் பச்சைத் தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தூரம் ஓட்டினாள். எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, "நீ போ, நான் இங்கேயே இருக்கேன்" என்றாள்.

நீ எழுதியிருந்த மாதிரியேதான் இருந்தார். இளைத்திருக்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது. வீட்டில் சைக்கிளுக்குக் காற்றுகூட அடிக்காத மனுஷன், டியூபைத் தண்ணீரில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டியூபைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். "வா குமுதா" என்றார். நேற்றுக் காலையில் போய் இன்று வந்த மாதிரி.

முக்காலி போட்டார், உட்கார்ந்தேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியலை குமுதா. நானும் எத்தனையோ நாள் யோசிச்சுப் பார்த்துட்டேன். வீட்ல ஒரு குறையும் இல்லை. பெட்ரோல் போட்டேன், படகுத்துறைப் பக்கம் போனேன். ஃபெரி நின்னுச்சு, ஏறிட்டேன்."

"திரும்பி வரணும்னு தோணலையா?"

"முதல் நாள் தோணுச்சு. அப்புறம் என்ன சொல்லிக்கிட்டு வர்றதுன்னு தெரியலை. அப்படியே இருந்துட்டேன்."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அதற்குள் ஒரு மலாய்ப் பையன் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஒரு நிமிஷம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்த வேலையைச் செய்தார். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஒட்டுகிறார். ஒட்டி முடித்த பிறகு இன்னொரு தடவை தண்ணீரில் முக்கிப் பார்க்கிறார். என் லைனில் இருந்தால் பாஸ் போட்டிருப்பேன். ஏழு வருஷம் கழித்துப் புருஷன் எதிரில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் நினைத்தேன் என்றால் நம்புவாயா?

உன் தயாரிப்பாளர் சொன்னது சரிதான், சிவா. இதற்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? வேறு பெண் இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பேன். கடன் என்றிருந்தால் நகையைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். பூப்பந்து மைதானத்தில் புதைத்திருந்தால்கூட உட்கார்ந்து அழ ஒரு இடம் இருந்திருக்கும்.

மோகனா படிப்பை முடித்துவிட்டாளா என்று கேட்டார். கல்யாணம் என்றேன். பையிலிருந்து இப்ராஹிம் பாய் கொடுத்த மாதிரியை எடுத்துக் கொடுத்தேன். கைக் கறுப்பு படாமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முழுக்கப் படித்தார். மாப்பிள்ளை பேரை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"உங்க பேருக்கு முன்னால இடம் விட்டிருக்காங்க. என்ன போடட்டும்?" என்று கேட்டேன்.

யோசிக்கக்கூட இல்லை. "காலஞ்சென்றன்னு போட்டுரு குமுதா. அதான் எல்லாருக்கும் லேசு."

ஊரெல்லாம் சொல்லியும் ஏழு வருஷம் நான் போடாமல் வைத்திருந்த வார்த்தை அது. கடைக்காரரிடம் சில்லறை இல்லை என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டார். "சரிங்க" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான், பழக்கம். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்திருப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வழியில் தைப்பிங்குக்குப் பக்கத்தில் ஓய்விடத்தில் ரோஹானா நோன்பு திறந்தாள். எனக்கும் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள், நான் அவளுக்குக் கண் துடைக்கத் தாள் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, சிவா. இன்றைக்கு வரை வரவில்லை. எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் காலை மோகனாவிடம் சொன்னேன். "உடம்பு நல்லா இருக்காராம்மா?" என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் வெளியே வந்து, "செத்தவருன்னு போட்டா அது பொய்மா. என் கார்டுல பொய் வேணாம்" என்றாள். மயூரன் வீட்டுக்கும் அவளே கைப்பேசியில் பேசிச் சொல்லிவிட்டாள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இப்ராஹிம் பாயிடம் 'திரு' என்றே போடச் சொல்லிவிட்டோம்.

நேற்று கோயிலுக்குப் போய்க் கருமாதி வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார் ஐயர். ஆள் இருக்கிறார் என்றேன். "அட, அப்போ சந்தோஷம்தானேம்மா!" என்றார். செத்துப்போனவருக்குச் செய்ய எள்ளும் தண்ணீரும் மந்திரமும் இருக்கின்றன. எழுந்து போய்விட்டவருக்கு நம்மிடம் ஒரு சடங்கும் கிடையாது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தாலியை நானே கழற்றினேன். அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு மணி ஷிப்டுக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை.

இனி உன் விஷயம். உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே, அதெல்லாம் யோசிக்கிற இடத்தில் என் மனசு இல்லை. ஆனால் மோகனாவுக்கு நீதான் தாய்மாமன். ஜூன் எட்டாம் தேதியே வந்துவிடு. சீர்த்தட்டு எதுவும் வேண்டாம்.

கார்டில் 'திரு' என்று பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் ஆள் எங்கே என்று கேட்பார்கள். உறவுக்காரர்கள் கேட்பார்கள், தொழிற்சாலை ஆட்கள் கேட்பார்கள், உன் படத்தைப் பார்த்தவர்களும் கேட்பார்கள். நான் மேடையில் இருப்பேன். நீ மண்டப வாசலில் நில். ஒவ்வொருத்தருக்கும் சந்தனத்தையும் கற்கண்டையும் கொடுத்து, சித்தியவானில் டயர் ஒட்டுகிறார், வரவில்லை என்று சொல். ஏன் என்று கேட்பார்கள். காரணம் இல்லை என்று சொல். நம்ப மாட்டார்கள், வேறு ஏதோ இருக்கிறது என்று உன் முகத்தையே பார்ப்பார்கள். அப்போதும் அதையேதான் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லக் கூடாது.

குமுதா